சேற்றை அள்ளிப் போனவர்களுக்கு

எண்ணூர்க் கழிமுகத்துப் படிவுகளில் கன உலோகங்களை அளக்கும் பேராசிரியர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும், அரசு ஆய்வுக்கூட அறிவியலாளர்களுக்கும்,



கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் அந்த இடத்தை உங்கள் அளவுக்கு அளந்தவர்கள் வேறு யாருமில்லை. ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பல ஆண்டுகளாகச் சேற்றை அள்ளிப் பையில் கட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறீர்கள். அதிலிருந்து கட்டுரைகள் வந்தன, முனைவர் பட்டங்கள் வந்தன. அதில் எனக்குக் குறையில்லை. அளக்கப்படாத ஆறுகளின் கதி இதைவிட மோசம். ஆனால் உங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் சிவன்படைக்குப்பத்திலும் இருக்கிறார்கள். எங்கே தரை தட்டும், எங்கே சேறு தொடைவரை இழுக்கும், நீர் வடியும் வத்தம் எப்போது வரும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். அள்ளிய சேற்றில் என்ன இருந்தது என்று திரும்பி வந்து அவர்களிடம் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசுக்கும் மின்வாரியத்துக்கும் மனு மேல் மனுவாக எழுதியாயிற்று. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், அனல்மின் நிலையச் சாம்பலால் வந்த மாசுக்கு மின்வாரியமே பொறுப்பு என்று 2022 ஜூலையில் தென்மண்டல அமர்வு தீர்ப்பும் சொல்லிவிட்டது. உங்களுக்குத்தான் இதுவரை யாரும் எழுதவில்லை.

'தண்ணீரைச் சோதித்தோம், அளவுக்குள்தான் இருக்கிறது' என்ற பதிலை எண்ணூர்க்காரர்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள். அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் சங்கடம். ஆற்றுநீர் உப்புநீரோடு கலக்கும்போது, அதில் மிதந்து வந்த நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே இறங்குகின்றன. துகளில் ஒட்டியிருக்கும் உலோகமும் கூடவே இறங்குகிறது. ஈயம் போன்றவை நீரில் கரைந்திருப்பதைவிடத் துகளில் ஒட்டிக்கொள்வது பல்லாயிரம் மடங்கு. ஆக, மேலே நீர் தெளிந்து நல்ல சான்றிதழ் வாங்கும் அதே வேளையில் கீழே சேறு கனத்துக்கொண்டே போகிறது. சேற்றைக் கிளறினால் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு அடுக்கு வருமே, அங்கே கந்தகம்தான் பல உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. காற்றுப் பட்டால் அந்தப் பிடி தளரும். அந்தச் சேற்றில்தான் புழு வளை தோண்டுகிறது, நண்டு இருக்கிறது, மடவை மேல்படிவை மேய்கிறது. இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, வலையில்லாமல் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் தினமும் மணிக்கணக்கில் தொடுவதும் அதையேதான். இவையெல்லாம் உங்கள் பாடம். உங்களுக்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீரின் எண்ணைக் காட்டிச் சேற்றைப் பற்றிய கேள்வியை மூடிவிடுகிறார்கள் என்று தெரிந்தும் நீங்கள் எழுந்து நிற்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையம் அந்தச் சாம்பலை நீரோடு குழைத்து, கழியைக் கடக்கும் குழாய்கள் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பி வந்தது. குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. நீரிலும் அலையாத்திக் கரையிலும் சாம்பல் படிந்து, படகு போன இடங்களில் முழங்கால் ஆழம் மிஞ்சியது. ஆர்சனிக், பாதரசம், ஈயம், குரோமியம் எல்லாம் நிலக்கரிச் சாம்பலில் இருப்பவைதாம். போதாக்குறைக்குப் பக்கிங்காம் கால்வாய் மணலித் தொழிற்பேட்டையின் கழிவையும் நகரத்துச் சாக்கடையையும் கொண்டுவந்து இங்கேயே விடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் வந்ததும் அதே வழியில்தான். இவ்வளவும் வந்து சேரும் படிவுக்குப் பாதுகாப்பான அளவு இதுதான் என்று இந்தியச் சட்டம் எதையும் வரையறுக்கவில்லை. குடிநீருக்கு உண்டு, மீனுக்கும் உண்டு. சாதாரண மீனில் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சேற்றுக்குத்தான் ஒன்றுமில்லை. அதனால் நீங்கள் அமெரிக்கக் கடல் ஆய்வுத் துறையின் எல்லைகளைக் கடன் வாங்குகிறீர்கள்: ஈயம் கிலோவுக்கு 46.7 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் உயிர்களுக்குத் தீங்கு அரிது, 218-ஐத் தாண்டினால் தீங்கு சகஜம். வேறு ஊர்ப் படிவுகளிலும் வேறு ஊர் உயிர்களிலும் தேறிய எண்கள் அவை. நமக்கென்று அளவுகோல் இல்லாத வரையில் சட்டம் செய்ய வேண்டிய வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்ட சுமை இல்லைதான், ஆனாலும் இறக்கிவைக்க வேறு ஆளில்லை.

'நாங்கள்தான் பிரசுரித்துவிட்டோமே, அது பொதுவில் கிடக்கிறது' என்பீர்கள். எந்தப் பொதுவில்? கட்டணம் கட்டித் திறக்க வேண்டிய ஆங்கில இதழில். படிவு மாதிரி எடுத்த இடங்கள் எஸ்-1, எஸ்-2 என்று இருக்கும். எஸ்-7 ரயில் பாலத்துக்கு மேற்கே இருக்கிறதா, சாம்பல் குழாய் கடக்கும் இடமா, முகத்துவாரமா என்று தெரியாமல் ஒரு மீனவர் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அடுத்து, பன்னிரண்டு இடங்களின் சராசரி. ஒரு தெருவில் ஒருவருக்கு 104 டிகிரி காய்ச்சல், மற்ற பதினொரு பேரும் நலம் என்றால் தெருவின் சராசரியில் காய்ச்சலே தெரியாது. பிறகு, 1969-இல் முல்லர் வகுத்த புவிச்செறிவுக் குறியீடு வரும். உலகக் களிப்பாறையின் சராசரியோடு ஒப்பிட்டு 'மிதமான மாசு' என்று முடியும். மணல் கலந்த படிவில் உலோகத்தின் அளவு தானாகவே குறைந்து தெரியும் என்பதும், அலுமினியத்தோடு விகிதம் பார்த்தோ நுண்துகளை மட்டும் பிரித்தோ அளந்தால்தான் இரண்டு இடங்களை ஒப்பிட முடியும் என்பதும் நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பல கட்டுரைகளில் அந்தத் திருத்தம் இல்லை. மேல்படிவை மட்டும் அள்ளியவை அதிகம். மொத்த உலோகத்தை மட்டும் சொல்லி, அதில் உயிருக்குள் போகக்கூடிய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாதவையும் அதிகம். கடைசிப் பத்தியில் 'தொடர் கண்காணிப்பு அவசியம்' என்றிருக்கும். யார் கண்காணிப்பது, கண்டதை யாரிடம் போய்ச் சொல்வது என்பது மட்டும் எந்தக் கட்டுரையிலும் இருக்காது.

மூலத்தை நிரூபிக்க முடியாது என்ற தயக்கம் உங்களில் பலருக்கு இருக்கிறது. உர ஆலை, சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், சாக்கடை, மின்நிலையம் என்று ஐந்தாறு பேர் கொட்டும் இடத்தில் இந்த ஈயம் இன்னாருடையது என்று எப்படிச் சொல்வது? வழக்கறிஞர் கேட்டால் நியாயமான கேள்வி. நீங்கள் கேட்டால் பாதி நியாயம்தான், ஏனென்றால் பதிலுக்கான கருவிகள் உங்கள் கையில் இருக்கின்றன. எரிந்த நிலக்கரியின் சாம்பலை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால் வழவழப்பான சின்னஞ்சிறு கண்ணாடிக் கோளங்கள் தெரியும். சாக்கடைச் சேற்றில் அவை தாமாக உருவாகிவிடாது. ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் மூலத்துக்கு மூலம் மாறும். குலையாமல் படிந்த இடத்தில் குழாயை இறக்கிச் சேற்றை அடுக்கு கலையாமல் எடுத்தால், ஏறத்தாழ 22 ஆண்டு அரை ஆயுளுள்ள ஈயம்-210-ஐக் கொண்டு எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று மதிப்பிடலாம். வடசென்னை நிலையத்தின் முதல் அலகுகள் 1990-களின் நடுவில் ஓடத் தொடங்கின. அதற்கு முந்தைய அடுக்கும் பிந்தைய அடுக்கும் ஒரே குழாய்க்குள் கிடைக்குமானால், களிப்பாறைச் சராசரியைத் தேடி உலகம் சுற்ற வேண்டாம். கொசஸ்தலையின் பழைய சேறே ஒப்பீட்டுக்கு நிற்கும். இது இருக்கட்டும். குற்றவாளி யார் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. இந்த நண்டைச் சாப்பிடலாமா, இந்த இடத்தில் இறங்கி இறால் பிடிக்கலாமா என்பது குப்பத்தின் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை இரண்டாவதைக் காத்திருக்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரமில்லை.

இன்னொரு தயக்கம் கரிசனத்திலிருந்து வருவது. அதனால்தான் அதற்குப் பதில் சொல்வது கடினம். 'எண்ணூர் மீனில் உலோகம்' என்று செய்தி வந்தால் மறுநாளே விலை விழும். கூடையைத் தலையில் சுமக்கும் பெண்கள்தான் அடி வாங்குவார்கள், சாம்பல் கொட்டியவர்கள் இல்லை. உண்மைதான், எண்ணெய் பரவிய பிறகு நடந்ததும் அதுவே. ஆனால் நீங்கள் வாய் திறக்காததால் விலை காப்பாற்றப்பட்டதா? வதந்திக்கு மடவை, கொடுவா, இறால் என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. கழியில் பிடித்தது, கடலில் பிடித்தது என்றும் பார்க்காது. எல்லாவற்றையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். எந்த இடத்தில், எந்த உயிரில், தசையிலா ஈரலிலா, எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் எண் ஒன்றுதான் மீதி மீனைக் காப்பாற்றும். ஒரு மீனில் அளவு எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்வதும் உங்கள் கடமைதானே? அதையும் நீங்கள் இதுவரை தமிழில் சொன்னதில்லை.

ஜப்பானின் மினமாட்டாவை நீங்கள் எல்லோரும் வகுப்பில் நடத்துகிறீர்கள், பாதரசம் உணவுச் சங்கிலியில் ஏறுவதற்கு உதாரணமாக. அதில் ஹாஜிமே ஹொசொகாவாவின் பகுதியையும் சேர்த்து நடத்துங்கள். பாதரசக் கழிவைக் கடலில் விட்ட சிஸோ ஆலையின் சொந்த மருத்துவமனை மருத்துவர் அவர். 1956 மே மாதம் அவ்வூரில் தோன்றிய விநோத நோயை அரசுக்குத் தெரிவித்ததும் அவர் தலைமையிலான மருத்துவமனைதான். 1959 அக்டோபரில், ஆலைக் கழிவைக் கலந்த உணவு தின்ற 400-ஆம் எண் பூனைக்கு அதே நோய்க்குறிகள் வந்ததை அவர் கண்டார். நிறுவனம் சோதனையைத் தொடர விடவில்லை. முடிவு வெளியே வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நிறுவனம் நோயாளிகளிடம் சொற்பத் தொகையைக் கொடுத்து, நோய்க்கு ஆலைதான் காரணம் என்று பின்னால் தெரியவந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டது. காரணம் ஏற்கெனவே ஒரு குறிப்பேட்டில் இருந்தது என்று கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியாது. கழிவு 1968 வரை ஓடியது. ஹொசொகாவா சாகும் தறுவாயில், 1970-இல், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே சாட்சி சொன்னார். அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 1973-இல் குமாமோட்டோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் நல்ல மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அவரது எண் பூட்டிக் கிடந்த அந்தப் பத்தாண்டுகளில் பிறந்த குழந்தைகள் இருக்கிறார்கள். எண்ணூர் மினமாட்டா ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது உங்கள் எண்களையே அவமதிப்பது. அளந்தவர் அறிந்ததற்கும் பாதிக்கப்பட்டவர் அறிந்ததற்கும் இடையிலுள்ள இடைவெளியில் எவ்வகை ஒப்பந்தங்கள் எழுதப்படும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், தூர்வாரும் பேச்சு வலுத்திருக்கிறது. சாம்பலை எடுத்து ஆழத்தை மீட்டுக் கொடு என்பது மீனவர்களின் கோரிக்கை. அதில் முழு நியாயம் இருக்கிறது. தூர்ந்த கழியில் வெள்ளம் வடியாது, இறாலும் ஏறாது. ஆனால் எங்கே வாருவது, எவ்வளவு ஆழம் வாருவது, வாரியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதை இயந்திரக்காரரின் வசதி தீர்மானித்துவிடக் கூடாது. கந்தகம் பிடித்துவைத்திருக்கும் கறுப்பு அடுக்கைக் காற்றுப்படக் கிளறிவிட்டால், தூங்கிக்கொண்டிருந்த உலோகம் நீரில் இறங்கும். வாரியதை அலையாத்திக் கரையில் குவித்தால் ஓரிடத்து நஞ்சு இரண்டிடத்து நஞ்சாகும். மினமாட்டா விரிகுடாவில் 1977 முதல் 1990 வரை வாரினார்கள். பாதரசம் 25 பிபிஎம்-ஐத் தாண்டிய படிவை மட்டும் எடுத்து, அடைத்த கரைக்குள் போட்டு மூடினார்கள். எல்லையை வரைய அவர்களிடம் ஒரு எண் இருந்தது. அமெரிக்காவின் டென்னசியில் 2008 டிசம்பரில் கிங்ஸ்டன் மின்நிலையத்தின் சாம்பல் குளம் உடைந்து, சுமார் 54 லட்சம் கன கெஜம் சாம்பல் கொட்டி எமரி ஆற்றையும் அடைத்தது. பெரும்பகுதியை வாரினார்கள். ஏறத்தாழ 5 லட்சம் கன கெஜத்தை மட்டும் ஆற்றிலேயே விட்டுக் கண்காணிக்க முடிவு செய்தார்கள். அடியில் ஓக் ரிட்ஜ் அணு வளாகத்திலிருந்து முன்பே வந்து படிந்த சீசியமும் பாதரசமும் கிடந்தன; கிளறினால் அவையும் கிளம்பும் என்பதுதான் காரணம். அடிச்சேற்றில் என்ன கிடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் அப்படி ஒரு முடிவு சாத்தியமானது. எண்ணூரில் அந்த அறிவு உங்கள் அலமாரிகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதுமட்டுமா? இயந்திரம் ஒருமுறை இறங்கிவிட்டால் அடுக்குகள் கலந்துவிடும். எந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்பதற்கான சாட்சியமும் சேற்றோடு லாரியில் போய்விடும். இழப்பீடு கேட்டு நாளை நீதிமன்றம் போகிறவர் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

எண்களில் ஐயம் உண்டு, முழுமையாகத் தெரிந்த பிறகு சொல்கிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். ஐயத்தோடேயே சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை முழு உறுதியோடா வருகிறது? கடலுக்குப் போவதா வேண்டாமா என்று நிகழ்தகவைக் கேட்டு முடிவெடுக்கும் மக்களுக்கு 'கூட்டியோ குறைத்தோ இவ்வளவு' என்பது புரியாது என்று நினைப்பது நம் படிப்பின் கர்வம். வேலை போகும், அனுமதி கிடைக்காது, நிதி நின்றுவிடும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வழிகாட்டியின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் மாணவரிடம் வீரத்தைக் கேட்பது சுலபம், நியாயமில்லை. அதனால்தான் தனியாளாக யாரையும் கேட்காமல் கூட்டமாக உங்கள் எல்லோரையும் கேட்கிறேன். பத்துத் துறைகள் சேர்ந்து வெளியிடும் தாளுக்காக ஒரு மாணவரைத் தண்டிக்க முடியாது. பணி நிரந்தரமான பேராசிரியர்கள் முதலில் கையெழுத்திடுங்கள்; ஓய்வுபெற்றவர்கள் அவர்களுக்கும் முன்னால் போடுங்கள்.

நான் கேட்பது இதுதான். எண்ணூர்ப் படிவைப் பற்றி இதுவரை நீங்கள் அளந்தவை அனைத்தையும், வெளியிட்டதையும் வெளியிடாமல் வைத்ததையும், ஒரே தொகுப்பாக்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அட்சரேகை தீர்க்கரேகையோடு, அந்த இடத்தைக் குப்பத்தார் அழைக்கும் பெயரையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படகோட்டியைக் கேளுங்கள். எந்த ஆழத்து அடுக்கு, எந்த அமிலத்தில் கரைத்து அளந்தது, துகளின் பருமன் என்ன என்பதை மறைக்காமல் சேருங்கள். இல்லாத இடத்தில் இல்லை என்றே போடுங்கள். அதன் சாரத்தைத் தமிழில் ஒரே தாளில், இந்த இடம், இந்த நண்டு, இந்த மீன், இவ்வளவு, சாப்பிடலாம் அல்லது வாரம் இத்தனை முறைக்குமேல் வேண்டாம் என்று நேராக எழுதி, மீன் ஏலம் போடும் இடத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு ஓடிவிடாமல் ஒரு மாலை நேரம் அங்கே உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். தூர்வாருவதற்கு முன்னால் கழியின் குறுக்கும் நெடுக்கும் குழாய் இறக்கி அடுக்குமாதிரி எடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பாயத்திடமும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் கேளுங்கள். அந்த மாதிரிகளில் பாதியை அளக்காமல், உறையவைத்து, வழக்குக்கென்று ஒரு பொது இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். முதல் தாள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வர வேண்டும். வெள்ளம் இறங்கினால் மேல்படிவு இடம் மாறிவிடும். பிறகு பழைய எண்ணை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் இவ்வளவு என்று உங்களாலேயே சொல்ல முடியாது.